இச்சி போன்சாயில் இலை மஞ்சளாகிக் கொட்டுகிறதா? படிப்படியான முழு வழிகாட்டி

பக்கத்து வீட்டுச் சேச்சி மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, “வெள்ளம் கூடிப்போயி” என்றார். பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்களுக்கு வீட்டில் தமிழ், ரேஷன் கடையில் மலையாளம். எனக்கு வெள்ளம் என்றால் ஆற்றில் வருவது, சேச்சிக்கு அது குடத்தில் இருப்பது. அன்றைக்கு இரண்டு அர்த்தமும் பொருந்தியது. தொட்டிக்குள் நிஜமாகவே வெள்ளம் நின்றது.

2022 கார்த்திகையில் மண்ணுத்தியில் ஒரு நர்சரியில் வாங்கிய இச்சி அது. சாண் உயரம், புளியங்கொட்டை நிறத்தில் பீங்கான் தட்டு, மேலே வெள்ளைக் கூழாங்கல். பேருந்து ஜன்னலோரம் மடியில் வைத்து, குதிரான் சுரங்கப்பாதை தாண்டி, காற்று முகத்தில் அடிக்க அடிக்கக் கொண்டுவந்தேன். ஐந்தாம் நாள் இலை பழுக்க ஆரம்பித்தது. பயந்துபோய் ஒரே வாரத்தில் மூன்று காரியம் செய்தேன்: இரண்டு வேளை தண்ணீர், டிவி பக்கத்தில் நிழல், ஒரு சிட்டிகை டிஏபி உரம். மூன்றுமே தப்பு. பத்தாம் நாள் காலையில் தரையைக் கூட்டினால் இலை ஒரு முறம் சேர்ந்தது.

அந்த மரம் பிழைத்தது. அதற்குப் பிறகு என் மரங்களிலும் தெரிந்தவர்கள் கொண்டுவந்து காட்டிய மரங்களிலும் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். இலை கொட்டி முழுசாகச் செத்த போன்சாய் குறைவு. இலை கொட்டுகிறதே என்று நாம் கொடுத்த வைத்தியத்தில் செத்ததுதான் அதிகம். அதனால் கீழே உள்ள படிகளில் முதல் பாதி முழுக்க வெறும் பார்வைதான். கை வைப்பதெல்லாம் பிற்பாதியில்.

முதலில், உங்கள் மரம் என்ன மரம்?

‘போன்சாய்’ என்று மட்டும் சொன்னால் வைத்தியம் சொல்ல முடியாது. கடைகளில் ‘ஃபைகஸ்’ என்று விற்பதில் பெரும்பாலானது கல்லிச்சி. மலையாளத்தில் இத்தி. ஆயுர்வேத எண்ணெய்க்குச் சேர்க்கும் நால்பாமரம் என்ற நான்கு மரங்களில் (அத்தி, இத்தி, அரயால் என்ற அரசு, பேரால் என்ற ஆல்) ஒன்று என்றால் இங்கே எல்லோருக்கும் தெரியும். அடி வேர் கிழங்கு போல உப்பி இருந்தால் ‘ஜின்செங்’ என்று பெயர் ஒட்டி விலையை ஏற்றுவார்கள். மரம் அதேதான். பசுமை மாறாத மரம், முரட்டு மரம், முதல் மரமாக வளர்க்க இதைவிட நல்லது கிடையாது. பெஞ்சமினா என்று கிடைக்கும் மெல்லிய இலைக்காரி இதன் உறவு, ஆனால் கோபக்காரி. இடத்தை மாற்றினாலே இலையை உதறுவாள்.

அரசு வேறு கதை. மாசி, பங்குனியில் அரச மரம் பழைய இலையை உதிர்த்துவிட்டுச் செம்பு நிறத்தில் புதுத் தளிர் விடும். தொட்டிக்குள் இருந்தாலும் அதற்கு அந்தக் கணக்கு உண்டு. அந்த மாதங்களில் அரசு போன்சாய் மொட்டையானால் இந்த வழிகாட்டியை மூடிவிட்டுப் போய் டீ குடிக்கலாம்.

குரங்கு வெற்றிலை நம் ஊர்ப் புதர்தான். சீனாக்காரர்கள் அதைப் போன்சாய் ஆக்கியதால் வெளிநாட்டுப் பெயரில் திரும்பி வந்து விற்கிறது. சுண்ணாம்புத் தண்ணீரும் தேங்கும் ஈரமும் அதற்கு ஆகவே ஆகாது. காமினிக்கும் கிட்டத்தட்ட அப்படியே. ஜூனிபர் என்ற ஊசியிலை மரத்தை ஆன்லைனில் வாங்கியிருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அது குளிர் நாட்டு மரம், செத்த பிறகும் சில வாரங்கள் பச்சையாகவே நிற்கும். உங்களுக்கு மஞ்சள் தெரியும்போது பல நேரம் அதன் கதை முடிந்திருக்கும்.

இனி நான் சொல்வதெல்லாம் இச்சியை மனதில் வைத்து. மற்ற பசுமை மாறா மரங்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

படி 1: ஒரு நாள் சும்மா இருங்கள்

தண்ணீர் ஊற்றாமல், இடம் மாற்றாமல், உரம் போடாமல் ஒரே ஒரு நாள். அன்றைக்குச் செய்ய ஒரே வேலை: சின்னக் கிளை ஒன்றில் நகத்தால் லேசாகக் கீறுங்கள். தோலுக்கு அடியில் ஈரமான பச்சை தெரிந்து, பால் முத்து போலத் துளிர்த்தால் கிளைக்கு உயிர் இருக்கிறது. பழுப்பாகக் காய்ந்திருந்தால் அந்தக் கிளை போனது. இன்னும் கொஞ்சம் கீழே, கடைசியாகத் தண்டில் என்று இறங்கி இறங்கிப் பாருங்கள். மொட்டையான மரத்துக்குத் தண்டில் பச்சை இருந்தால் போதும், நம்பிக்கை உண்டு.

இன்னொரு கவனிப்பும் இருக்கிறது. இலை மஞ்சளாகித் தொட்டதும் கழன்று விழுந்தால் மரமே காம்பில் வெட்டுப்போட்டு அதைக் கழற்றிவிட்டது என்று பொருள். அதற்கு உயிர் வேண்டும். இலை பழுப்பாகி, மொறுமொறுவென்று காய்ந்து, இழுத்தாலும் வராமல் கிளையோடு ஒட்டிக்கொண்டிருந்தால்தான் கவலை. அந்தக் கிளை இலையைக் கழற்றக்கூட நேரமில்லாமல் திடீரென்று போயிருக்கிறது. கொட்டுகிற மரத்தைவிடக் கொட்டாமல் காய்கிற மரம்தான் எனக்குப் பயம்.

படி 2: மஞ்சள் எந்த இடத்தில் தொடங்கியது?

இதுதான் முக்கியமான படி. உதிர்ந்த இலை, பாதி மஞ்சளான இலை, நல்ல இலை மூன்றையும் ஒரு வெள்ளைத் தாளில் வரிசையாக வையுங்கள். மரத்தில் எந்த இடத்திலிருந்து வந்தன என்றும் பாருங்கள். நுனியா, நடுவா, உள்பக்கமா?

கிளையின் உள்பக்கத்தில், அடியில் இருக்கும் கிழட்டு இலைகள் வாரத்துக்கு நாலைந்து மட்டும் மஞ்சளாகி விழுகின்றன, நுனியில் தளிர் வந்துகொண்டிருக்கிறது என்றால் அது நோய் இல்லை. பசுமை மாறா மரம் என்றால் இலை உதிராத மரம் என்று அர்த்தமில்லை, ஒரே நாளில் எல்லாவற்றையும் உதிர்க்காத மரம் என்றுதான் அர்த்தம்.

அடி இலைகள் நரம்போடு சேர்ந்து சீராக வெளிறி, மரம் மொத்தமாகச் சோகை பிடித்தது போல இருந்தால் தழைச்சத்துக் குறைவு. மரம் பழைய இலையிலிருந்து சத்தை உருவிப் புதுத் தளிருக்கு அனுப்புகிறது. அதே அடி இலையில் நரம்பையொட்டிப் பச்சை, இடையில் மஞ்சள் என்றால் மெக்னீசியம் குறைவாக இருக்கலாம்.

நுனித் தளிர் எலுமிச்சை நிறத்தில் வந்து, நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நின்றால் இரும்புச் சத்து போய்ச் சேரவில்லை. இரும்பைப் பழைய இலையிலிருந்து மரத்தால் உருவ முடியாது, அதனால் பசி முதலில் குழந்தைக்குத்தான் தெரியும். எங்கள் பக்கத்துப் போர்த் தண்ணீருக்கு இது வாடிக்கையான வியாதி. படி 6 அதற்குத்தான்.

இடம் பார்க்காமல் எல்லாப் பக்கமும் இலை மஞ்சளாகி, தொட்டால் மெத்தென்று தொங்கி, மண்ணும் ஈரமாக இருந்தால் வேர் அழுகல். இலை பச்சையாக இருக்கும்போதே பொலபொலவென்று கொட்டினால் அதிர்ச்சி: இடமாற்றம், ஏசி, காற்று, ஒரு நாள் முழுக்கக் காய்ந்த தொட்டி. வெயில் படும் மேல்பக்க இலையில் மட்டும் வெளிறிய திட்டு என்றால் வெயில் சுட்டது. இலை முழுக்க ஊசி குத்தியது போலப் புள்ளி புள்ளியாக வெளிறினால் சிலந்தி (சாறு உறிஞ்சும் குட்டிச் சிலந்திப்பேன்).

இரண்டு மூன்று ஒன்றாகவும் வரும். என் மரத்துக்கு அதிர்ச்சி, அழுகல் இரண்டும் இருந்தன. அப்படி இருந்தால் வேரிலிருந்து தொடங்குங்கள்.

படி 3: நாட்காட்டியைப் பாருங்கள்

கடைசி ஒரு மாதத்தில் என்ன மாறியது என்று யோசியுங்கள். வாங்கி வந்து ஒரு மாதம் ஆகவில்லையா? வெள்ளை அடிக்க என்று தொட்டியை நகர்த்தினீர்களா? இச்சி புது வெளிச்சத்துக்கும் புதுக் காற்றுக்கும் ஏற்றபடி இலையை மாற்றிக்கொள்ளும். பழையதைக் கொட்டிவிட்டுப் புதியதை விடும். அந்த நேரத்தில் ‘இங்கே சரிப்படவில்லை போல’ என்று மறுபடி மறுபடி இடம் மாற்றினால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு காரணம் உண்டு. மேற்கு மலைத்தொடரில் 30 கிலோமீட்டருக்கு மேல் அகலமாகத் திறந்து கிடக்கும் இந்த வாசல் வழியாக, கார்த்திகையிலிருந்து தை மாசி வரை கிழக்கிலிருந்து வறண்ட காற்று வீசும். மலையாளத்தில் விருச்சிகக் காற்று. கரும்பனை ஓலை ராத்திரி முழுக்கச் சலசலக்கும், உதடு வெடிக்கும், காலையில் போட்ட துணி பத்து மணிக்குள் காய்ந்துவிடும். துணிக்கு நடப்பதுதான் இலைக்கும். இரண்டு விரல் ஆழத் தட்டில் இருக்கும் வேரால் அந்த வேகத்துக்குத் தண்ணீர் ஏற்ற முடியாது. திருச்சூர்ப் பக்கத்து நர்சரியின் பச்சை வலைக்குள், ஈரக் காற்றில் வளர்ந்த மரத்தை நான் சரியாக விருச்சிகத்தில் கொண்டுவந்து மொட்டை மாடியில் வைத்தேன். யாராக இருந்தாலும் இலையைக் கொட்டத்தான் செய்யும்.

இதற்கு வைத்தியம் மருந்து இல்லை, மறைப்பு. தொட்டியைக் கிழக்குச் சுவருக்கு மேற்கே, காற்று நேராக அடிக்காத இடத்தில் வையுங்கள். காலை வெயில் மேலே சாய்ந்து விழுந்தால் போதும். பக்கத்தில் நாலு குரோட்டன்ஸ் தொட்டியைக் கூட்டமாக வைத்தால் இன்னும் நல்லது. ஆடிக்காற்றுக்கு இதே ஏற்பாட்டை மேற்குப் பக்கம் மாற்றிக்கொள்ளுங்கள். மரம் ஆடாமல் இருப்பதும் முக்கியம், அதைப் படி 5-இல் சொல்கிறேன்.

படி 4: குச்சி போட்டு ஈரம் பாருங்கள்

மேல் மண்ணைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுவது பானை மூடியைப் பார்த்துச் சோறு வெந்ததா என்று சொல்வது மாதிரி. எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சி ஒன்றை எடுங்கள். சாயம் போடாத குச்சியாக இருக்கட்டும், சிவப்புச் சாயம் ஈரத்தில் ஊறிக் குழப்பும். தண்டுக்கும் தொட்டி விளிம்புக்கும் நடுவில், அடி வரை செருகிப் பத்து நிமிடம் விடுங்கள். எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளுகுளுவென்று இருந்தால், குச்சி கருத்திருந்தால், இன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். அடி மட்டும் லேசாக ஈரம் என்றால் நாளைக்குப் பார்க்கலாம். முழுக்க உலர்ந்து வந்தால் உடனே ஊற்றுங்கள்.

ஊற்றுவதென்றால் அரை டம்ளர் தெளிப்பதில்லை. பூவாளியில் ஊற்றி, அடித்துளை வழியாக ஓட வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு தடவை. மண்ணில் தேங்காய் நார்த்தூள் அதிகம் இருந்து நன்றாகக் காய்ந்துபோயிருந்தால், தண்ணீர் நடுவில் இறங்காமல் ஓரமாக வழிந்து ஓடிவிடும். துளையில் தண்ணீர் வருகிறதே என்று நாம் ஏமாறுவோம். அப்போது தொட்டியை ஒரு பேசினில், தண்ணீர் மண் மட்டம் வரை வரும்படி வைத்து, குமிழி நிற்கும் வரை விட்டு எடுங்கள். கால் மணி நேரம் போதும். மறந்துவிட்டு ஆபீஸ் போய்விடக் கூடாது.

பொறி ஒன்று இருக்கிறது. வேர் அழுகிய மரமும் தாகத்தில் இருக்கும் மரமும் ஒரே மாதிரி தொங்கும். அழுகிய வேரால் குடிக்க முடியாது என்பதால் ஈரத்துக்கு நடுவிலேயே மரம் தாகத்தில் வாடுகிறது. இலையை மட்டும் பார்த்து அதற்கு மேலும் ஊற்றினால் முடிந்தது. அதனால்தான் குச்சி.

படி 5: தொட்டியைத் தூக்குங்கள், தேவைப்பட்டால் வேரைப் பாருங்கள்

குச்சி மூன்று நான்கு நாளாக ஈரமாகவே வருகிறதா? தொட்டி கனமாக இருக்கிறதா? அடித்துளையில் மூக்கை வைத்துப் பாருங்கள். நல்ல மண் மழை மண் வாசனை வரும். அழுகிய வேர் சாக்கடை வாடை அடிக்கும்.

என் தொட்டியில் நடந்தது இது. மேலே இருந்த வெள்ளைக் கூழாங்கல்லை எடுக்கப் போனேன், வரவில்லை. பயணத்தில் சிந்தாமல் இருக்கட்டும் என்று பசை போட்டு ஒரே தகடாக ஒட்டியிருந்தார்கள். ஸ்குரூ டிரைவர் வைத்து நெம்பினால் அடை போல உடைந்து வந்தது. அதற்குக் கீழே மண், மண்ணுக்கு நடுவில் நர்சரியின் கறுப்பு பிளாஸ்டிக் கப் அப்படியே இருந்தது. வேர் அதற்குள் சுற்றிச் சுற்றிப் பாய் முடைந்திருந்தது. பீங்கான் தட்டின் ஒரே துளையைக் கப்பின் அடி அடைத்திருந்தது. நான் இரண்டு வேளை ஊற்றிய தண்ணீர் எங்கே போகும்? வாங்கிய கடையில் கேட்டால் ‘எல்லாரும் அப்படித்தான் கொண்டுபோறாங்க’ என்றார்கள். சரி, நம் ராசி.

மரத்தை வெளியே எடுத்து வேரைக் கழுவிப் பாருங்கள். நல்ல வேர் விறைப்பாக, வெளிர் பழுப்பாக இருக்கும், வெட்டினால் உள்ளே வெள்ளை. அழுகியது கறுப்பாக, கொழகொழவென்று இருக்கும். இரண்டு விரலால் இழுத்தால் தோல் உறை போலக் கழன்று, நடுவில் நூல் மட்டும் நிற்கும். ஸ்பிரிட்டில் துடைத்த கத்தரியால் விறைப்பான வெள்ளை தெரியும் வரை வெட்டுங்கள். இரக்கம் பார்க்க வேண்டாம். பாதி வேர் போனாலும் வெதுவெதுப்பான காலத்தில் இச்சி தாங்கும். வெட்டிய வேரை, லிட்டருக்கு 2 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கலந்த தண்ணீரில் சில நிமிடம் முக்கி எடுக்கலாம். வீட்டில் இல்லை என்றால் அதற்காக ஓட வேண்டாம், நிழலில் அரை மணி நேரம் உலர விட்டாலே போதும்.

அப்புறம் மண். மண் என்று நாம் சொன்னாலும் இதில் மண் கிடையாது. எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்காவின் கிழக்கே உள்ள கரிசலைத் தொட்டியில் போட்டால் மழையில் களி, வெயிலில் பாறை. பழைய வீடு இடித்த இடத்தில் ஓட்டுச் சில்லு கிடைக்கும், செங்கல்லும் ஆகும். சுத்தியலால் பொடித்து, கடுகைவிடப் பெரிதாக, பட்டாணியைவிடச் சிறிதாக இருப்பதை மட்டும் சலித்து எடுங்கள். சிமென்ட் ஒட்டிய துண்டு வேண்டாம், அது சுண்ணாம்பு. தூளை முழுக்கக் கழுவிக் கொட்டிவிட வேண்டும், துளையை அடைப்பதே தூள்தான். இந்தச் சில்லு இரண்டு பங்கு, கழுவிய பெருமணல் ஒரு பங்கு, மட்கிய இலை அல்லது பழைய தொழு உரம் ஒரு பங்கு. மழை அதிகம் பெறும் மலையடிவாரத்தில் இருப்பவர்கள் சில்லை இன்னும் கூட்டலாம். எங்களைப் போல மழை மறைவில், காற்றில் இருப்பவர்கள் நன்றாக அலசிய நார்த்தூள் ஒரு கைப்பிடி சேர்க்கலாம். அலசாத நார்த்தூளில் உப்பு இருக்கும்.

துளை மேல் கொசுவலைத் துண்டு வைத்து, அதே துளை வழியாக ஒரு அலுமினியக் கம்பியை விட்டு, வேர்க் கட்டை அதில் கட்டிவிடுங்கள். மரத்தைப் பிடித்து ஆட்டினால் தொட்டியும் சேர்ந்து ஆட வேண்டும். விருச்சிகக் காற்றில் மரம் தனியாக ஆடினால், புதிதாக வரும் முடி போன்ற வேர் தினமும் அறுந்துபோகும். பலர் விடுகிற படி இதுதான், பலருக்கு மரம் தேறாமல் போவதற்கும் இதுவே காரணம் என்பது என் எண்ணம்.

நட்டதும் ஒரு தடவை நன்றாகத் தண்ணீர். இரண்டு வாரம் நேர் வெயில் வேண்டாம், ஆனால் வெளிச்சமான நிழல் வேண்டும். மொட்டையான மரமென்றால் தெளிந்த பிளாஸ்டிக் கவரைக் கவிழ்த்துக் கூடாரம் போல் மூடலாம். தினமும் சிறிது நேரம் திறந்து காற்றாட விடுங்கள். கவர் போட்டு வெயிலில் வைத்தால் மரம் அவிந்துவிடும்.

படி 6: தண்ணீரின் குணம்

தளிர் மஞ்சள், நரம்பு பச்சை என்றால் வேரை விட்டுவிட்டு இங்கே வாருங்கள். தொட்டி விளிம்பிலும் தண்டின் அடியிலும் வெள்ளைப் படிவு இருக்கிறதா? அதன் மேல் சமையல் வினிகர் இரண்டு சொட்டு விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு. கடினமான போர்த் தண்ணீரை மாதக்கணக்கில் ஊற்ற, மண் மெல்ல மெல்லக் காரமாகிறது. பி.எச். 7-ஐத் தாண்டிவிட்டால் மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது.

தண்ணீரை ஒரு ராத்திரி வைத்திருந்து ஊற்றினால் சரியாகிவிடும் என்பார்கள். குளோரின் வேண்டுமானால் பறக்கும், சுண்ணாம்பு எங்கேயும் போகாது. இன்னொரு பெரிய தப்பு, வீணாகிறதே என்று ஆர்ஓ கழிவுத் தண்ணீரைத் தொட்டிக்கு ஊற்றுவது. போர்த் தண்ணீரின் உப்பெல்லாம் திரண்டு வருவதே அதில்தான். தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் நல்லது, உப்பே கிடையாது.

எல்லாவற்றையும்விட மழைத் தண்ணீர். மிதுனம் (நம் ஆனி) பிறந்து முதல் இரண்டு மழை கூரையைக் கழுவிப் போகட்டும், அதற்குப் பிறகு டிரம்மில் பிடித்து, கொசு போகாமல் துணி கட்டி மூடுங்கள். நாலைந்து போன்சாய்க்கு இரண்டு டிரம் பல மாதம் வரும். மழைத் தண்ணீரை எல்லா நாளும் கொடுக்க முடியாவிட்டால், வாரம் ஒரு முறை தொட்டியின் கொள்ளளவைப் போல மூன்று நான்கு மடங்கு மழைத் தண்ணீரை மெதுவாக ஊற்றி, சேர்ந்த உப்பை அடித்துளை வழியாக அலசி வெளியேற்றுங்கள்.

உடனடி நிவாரணத்துக்கு அன்னபேதி. நாட்டுமருந்துக் கடையிலும் கிடைக்கும், உரக்கடையில் பெரஸ் சல்பேட் என்று கேட்க வேண்டும். வயல் பயிருக்கு லிட்டருக்கு 5 கிராம் தெளிப்பது வழக்கம். போன்சாய்க்கு நான் 2 கிராமில் தொடங்குவேன். ஒரு சிட்டிகை எலுமிச்சை உப்பு சேர்த்து, சாயங்காலம், முதலில் ஒரே ஒரு கிளைக்குத் தெளித்து மூன்று நாள் பாருங்கள். கருகவில்லை என்றால் பத்து நாளுக்கு ஒரு முறையாக இரண்டு மூன்று தடவை. டைல்ஸில் விழுந்தால் துருக் கறை போகவே போகாது. வீட்டில் நான் வாங்கிய திட்டு இன்னும் அந்தத் திண்ணையில் இருக்கிறது.

இரும்பு கீலேட் (வேர் எடுக்கும்படி கட்டிவைத்த இரும்பு உரம்) வாங்கினால் பெயரைப் பாருங்கள். ஈ.டி.டி.ஏ. வகையை இலையில் தெளிக்கலாம். காரமாகிப் போன மண்ணில் ஊற்றுவதற்கு ஈ.டி.டி.எச்.ஏ. வகைதான் நிற்கும். அடி இலையில் மெக்னீசியக் குறை என்றால் எப்சம் உப்பு, லிட்டருக்கு ஒரு டீஸ்பூன். தண்ணீரை மாற்றாமல் மருந்தை மட்டும் தெளித்தால் இரண்டு மாதத்தில் அதே மஞ்சள் திரும்பி வரும்.

படி 7: பூச்சி

எறும்பைப் பாருங்கள். தண்டில் எறும்பு ஏறி இறங்கினால் மேலே யாரோ தேன் விற்கிறார்கள் என்று அர்த்தம்: இலைக்கணுவில் பஞ்சு போல மாவுப்பூச்சி, அல்லது நரம்பில் பழுப்பு மொட்டு போலச் செதிள் பூச்சி. நகத்தால் தள்ளினால் செதிள் கழன்று வரும். கொஞ்சம் இருந்தால் காது குடையும் பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்துத் தொட்டு எடுங்கள்.

வறண்ட மாதங்களில் சிலந்தி. கிளைக்கு அடியில் வெள்ளைத் தாள் பிடித்துத் தட்டினால், மிளகாய்த் தூள் போல விழுந்து நகரும். இலையின் அடிப்பக்கம் தண்ணீர் பீய்ச்சி மூன்று நான்கு நாள் தொடர்ந்து கழுவினாலே பாதி போய்விடும். இச்சிக்கென்றே ஒரு இலைப்பேனும் உண்டு. இலை வெற்றிலை மடித்தது போல நீளவாக்கில் மூடியிருக்கும், பிரித்தால் உள்ளே கறுப்பாக ஓடும். அந்த இலைகளைக் கிள்ளிக் கவரில் கட்டிப் போட்டுவிடுங்கள். மடிப்புக்குள் மருந்து போகாது.

பொதுவாக வேப்பெண்ணெய் 5 மில்லி, சோப்புக் கரைசல் ஒன்றிரண்டு மில்லி, ஒரு லிட்டர் தண்ணீர். சாயங்காலம், வாரம் ஒரு முறை, மூன்று வாரம். வெயிலில் அடித்தால் பூச்சிக்கு முன்னால் இலை போகும்.

படி 8: வெளிச்சம்

போன்சாய் ஷோகேஸ் பொம்மை இல்லை. வீட்டுக்குள் மூன்று நாளைக்கு மேல் வைக்க வேண்டாம், விருந்தாளி வந்தால் காட்டிவிட்டு வெளியே கொண்டுபோங்கள். காலை வெயில் பதினொரு மணி வரை, பிறகு சல்லடை நிழல். மார்ச், ஏப்ரலில் எங்கள் பக்கம் 40 டிகிரி தொடும், அப்போது 50 சதவீத நிழல் வலை. மொட்டை மாடித் தளத்தில் தட்டை நேராக வைக்காமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். வீட்டுக்குள் இருந்ததை வெயிலுக்குப் பழக்க இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 9: உரம்

நோயில் இருக்கும்போது கிடையாது. காய்ச்சல்காரனுக்குப் பிரியாணி மாதிரி. புது இலை நாலைந்து விரிந்து கெட்டியான பிறகு, ஊறவைத்த கடலைப் புண்ணாக்குத் தெளிவைப் பத்து மடங்கு தண்ணீரில் கரைத்து, பதினைந்து நாளுக்கு ஒரு முறை. தழைச்சத்துக் குறையாக இருந்தால் இதிலேயே மூன்று வாரத்தில் நிறம் தெரியும். டிஏபி சிட்டிகை எல்லாம் என்னோடு போகட்டும்.

படி 10: காத்திருக்கும் நாட்கள்

முழுக்க மஞ்சளான இலை மறுபடி பச்சையாகாது. இரும்புக் குறையில் வெளிறிய தளிர் மட்டும் ஓரளவு தேறும். மஞ்சள் இலையை உருவாதீர்கள், தானாக விழட்டும். காய்ந்த கிளையைத் தவிர எதையும் வெட்ட வேண்டாம், கம்பி சுற்ற வேண்டாம். முக்கியமாக, இலை இல்லாத மரம் தண்ணீரைச் செலவழிக்காது. இலை இருந்தபோது தினமும் ஊற்றியவர்கள் இப்போது குச்சியைக் கேட்டு மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை ஊற்ற வேண்டியிருக்கும்.

வெப்பம் இருக்கும் மாதமென்றால் இச்சி மூன்றிலிருந்து ஆறு வாரத்தில் பதில் சொல்லும். மார்கழிக் குளிரில் இன்னும் கொஞ்சம் இழுக்கும். என்னுடையதில் வேர் வெட்டி நட்ட 31-ஆம் நாள், தண்டின் வளைவில், பழைய காம்புத் தழும்புக்கு மேல், உளுந்தைவிடச் சிறிய ஒரு பச்சை முனை தெரிந்தது. மறுநாள் பார்த்தால் மூன்று. கூடாரத்தை உடனே தூக்கிவிடாமல் ஒரு வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவைத்தேன். சித்திரையில்தான் முதல் முறையாகக் கத்தரி வைத்தேன்.

அதற்கடுத்த விருச்சிகத்தில் மரம் கிழக்குச் சுவருக்கு மேற்கே இருந்தது, கம்பியில் கட்டி, மழைத் தண்ணீர் குடித்துக்கொண்டு. அந்த மாதம் விழுந்த இலைகளை எடுத்து ஒரு டப்பாவில் போட்டு வைத்தேன். பதினொன்று. எல்லாம் உள்பக்கத்துக் கிழடு.